தோட்டத்தின் காவலனும் தம்பியின் காவலனும்

உயிரியல் வளங்களைக் காக்கும் பணியை ஓர் இளைஞன் தன் வாழ்க்கைத் தொழிலாகத் தேர்ந்துகொள்வது நல்லதா என்று யாரேனும் வினவினால், நல்லது என்று உடனே சொல்லிவிடலாம். பல ஆண்டுகள் நானும் அப்படியே சொல்லி வந்தேன். தவக்கால மறையுரைகளில் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்காகப் பங்கில் நடத்திய வழிகாட்டல் கூட்டங்களிலும் சொல்லியிருக்கிறேன். அந்த விடை தவறு என்று இப்போதும் நான் கருதவில்லை. ஆனால் அது எத்துணை எளிதாக என் வாயிலிருந்து வந்தது என்பதை எண்ணும்போது கூச்சமாக இருக்கிறது.

மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள ஒரு பங்கில் நான் பணியாற்றிய காலத்தில், விலங்கியலில் இளங்கலை முடித்த இளைஞன் ஒருவனை அவனுடைய தாய் பங்கு இல்லத்துக்கு அழைத்து வந்தார். அந்தத் தாய் பாசி எடுப்பவர். முழங்கால் அளவுத் தண்ணீரில் தொடங்கி, மூச்சடக்கி மூழ்கும் ஆழம் வரை போய், பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் கையால் பறித்து இடுப்புப் பையில் சேர்த்து விற்றுத்தான் மகனைப் படிக்க வைத்தார். மகனுக்கு வேட்டைத் தடுப்புக் காவலர் வேலை கிடைப்பதாக இருந்தது. தீவுகளைச் சுற்றிப் படகில் ரோந்து போவதும், தடைசெய்யப்பட்ட உயிரினங்களைப் பிடிப்பவர்களைத் தடுப்பதும், ஆய்வாளர்கள் வந்தால் உடன் போவதும் அவன் பணிகள். தொகுப்பூதியம்தான், நிரந்தரமில்லை.

"சாமி, கடல்ல போறவன் வயித்துல அடிக்கிற வேலையா என் பிள்ளைக்கு? நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பான்" என்றார் தாய்.

நான் ஒரு வார்த்தையல்ல, பல வார்த்தைகள் சொன்னேன். முதல் மனிதனை இறைவன் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவுமே என்றேன். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1979-இல் அசிசியின் புனித பிரான்சிசைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்ததையும் சேர்த்துக்கொண்டேன். "சாமி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து போனார் அவர். அவர் எழுப்பிய வினாவுக்கு நான் விடை சொல்லவேயில்லை என்பதை அன்று நான் உணரவில்லை.

இந்தத் துறையைப் பற்றி நம் குடும்பங்கள் அறிந்திருப்பது மிகக் குறைவு. பொறியியல், செவிலியம், வளைகுடா நாடு என்னும் மூன்று சொற்களுக்குள் நம் பிள்ளைகளின் எதிர்காலத்தை அடக்கிவிடுகிறோம். தாவரவியலோ விலங்கியலோ படிக்கும் பிள்ளை, வேறு இடம் கிடைக்காததால் அங்கே போனதாகவே உறவினர் கருதுகின்றனர். ஆனால் இந்திய வனப் பணித் தேர்வு எழுத ஓர் அறிவியல் பட்டம் போதும். மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரியும், தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரியும், பரங்கிப்பேட்டையில் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையமும் இருக்கின்றன. கோவையை அடுத்த ஆனைகட்டியில் பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரால் ஓர் ஆய்வு மையம் உண்டு. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் எங்கள் மக்கள் வலை காயப்போடும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆயினும் அதன் வாயிலுக்குள் படிப்பாளியாக நுழைந்த எங்கள் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு குழு அமைத்து, அவ்வூரின் செடி, கொடி, மீன், மருந்து ஆகிய அனைத்தையும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதத் தெரிந்த பட்டதாரியும் பெயர் தெரிந்த பாட்டியும் ஒரே திண்ணையில் அமர்ந்தாலன்றி அந்தப் பதிவேடு நிறையாது.

நம் திருச்சபைக்கு இது புதிய துறையுமன்று. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் இராப்பினாட் தாவரகம் தோன்றியது. அதை உருவாக்கிய இயேசு சபைக் குரு கே. எம். மத்தேயு, தமிழகச் சமவெளித் தாவரங்களைப் பற்றி 1981 முதல் வெளியிட்ட நூல்தொகுதி ஆய்வாளர்களின் கையேடாக விளங்குகிறது. பழனி மலைத் தாவரங்களுக்கும் 1999-இல் தனித் தொகுதிகள் கண்டார். அதே சபையின் சாந்தாப்பாவ் அடிகளார் ஸ்பெயினிலிருந்து வந்து, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் இயக்குநராகவே பணியாற்றினார். செண்பகனூரின் ஆங்லேடு அடிகளார் மலையெங்கும் நடந்து செடிகளைத் தேடினார். ஒரு செடியைப் பறித்து, தாளுக்கிடையில் அழுத்தி உலர்த்தி, கண்ட இடமும் நாளும் எழுதி ஒட்டுவது பொறுமையை வேண்டும் வேலை. அதை ஆயிரக்கணக்கான முறை செய்தவர்கள் இவர்கள்.

இப்பெரியோரை நான் மேடைதோறும் எடுத்துக்காட்டியதுண்டு. ஆனால் இதில் ஒரு வேறுபாட்டை மறைத்துவிட்டேன். செடியின் பெயரை எழுதுபவனுக்குப் பகைவர் இல்லை. செடியைக் காக்க நிறுத்தப்படுகிறவனுக்கு உண்டு. பெரும்பாலும் அவர்கள் அவனுடைய சொந்த ஊரார்.

எங்கள் கடலின் வரலாற்றையும் சிறிது சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-இல் தேசியப் பூங்காவாயின. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. அதற்கு முன்பு சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் பவளப்பாறைகள் வெட்டப்பட்டன. பாறை போனபின் அலையைத் தாங்க ஒன்றுமில்லாமல் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீரில் அமிழ்ந்தே போயின. இதில் நாமும் மாசற்றவர்கள் அல்லர். தனுஷ்கோடியில் 1964-ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து நிற்கும் நம் ஆலயத்தின் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதுவும் பவளக்கல்தான். கடலின் எலும்பை எடுத்துக் கடவுளுக்கு வீடு கட்டினோம். அந்நாளில் அது தவறென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பூங்கா வந்தபின், பெண்கள் தலைமுறைகளாகப் பாசி எடுத்த இடங்களுக்குப் போவதே குற்றமாயிற்று. 2001-இல் கடல் அட்டை, பவளம், கடற்குதிரை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இவ்வட்டவணைக் குற்றத்துக்கு 3 ஆண்டுக்குக் குறையாத சிறை. கடல் அட்டை பார்ப்பதற்கு அருவருப்பானது. மணலை விழுங்கி, அதிலுள்ள கழிவை உண்டு, தூய மணலை வெளியேற்றிக்கொண்டு தரையில் கிடக்கும்; கடலின் மண்புழு எனலாம். நம்மவர் அதை உண்பதில்லை. வயிறு கீறி, வேகவைத்து, மணலில் புதைத்து, காயவைத்தால் கீழ்த்திசை நாடுகளில் அதற்குப் பெரும் விலை. நீரிணைக்கு அப்பால் இலங்கையில் உரிமம் பெற்று அதை எடுக்கலாம்; இப்பால் எடுத்தால் சிறை. ஒரே கடல், ஒரே உயிர், இரண்டு சட்டங்கள். எளிய மீனவனுக்கு இதை விளக்குவது எளிதன்று.

அந்த இளைஞன் பணியில் சேர்ந்து ஓராண்டு கடந்திருக்கும். ஒரு விடியற்காலையில் அவன் இருந்த ரோந்துப் படகு ஒரு வள்ளத்தை நிறுத்தியது. அதில் இரண்டு சாக்குக் கடல் அட்டை. வள்ளத்தில் இருந்தவர் அவனுடைய தாய்மாமன். தந்தையை இழந்த அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவர். "வலையில வந்ததுடா, நான் குளிச்சு எடுக்கல" என்றார் மாமன். ஒரு பகுதி வலையில் வந்தது உண்மையாகவும் இருக்கலாம். இரண்டு சாக்கும் வலையில் வந்திருக்க முடியாது. உடனிருந்த மூத்த காவலர், வேண்டுமானால் நீ இறங்கிக்கொள், உன் பெயர் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று இரக்கத்தோடு சொன்னாராம். அவன் இறங்கவில்லை. அறிக்கையில் கையெழுத்திட்டான்.

இதை நான் ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்கவில்லை. ஊரே அறிந்த நிகழ்ச்சி, பங்கு இல்லத் திண்ணையில் பலர் முன்னிலையில் பேசப்பட்டது. தாய் மகனுக்குச் சோறு போட்டார், பேசவில்லை. ஊர்ப் பெரியவர்கள் என்னிடம் வந்து, பையனைக் கண்டிக்க வேண்டும் என்றனர். மூன்றாம் நாள் இரவு அவனே வந்து நின்றான். "சாமி, நான் செஞ்சது பாவமா?" என்று மட்டும் கேட்டான்.

குருமடத்தில் எங்களுக்கு அறநெறி இறையியல் கற்பித்த முதியவர், பழைய பாடநூல்களில் வளர்ந்தவர். வெறும் தண்டனைச் சட்டம் என்றொரு கொள்கையை அவர் விளக்கியது எனக்கு நினைவிருக்கிறது. சில அரசுச் சட்டங்கள் மனச்சான்றைக் கட்டுப்படுத்துவதில்லை. மீறியவன் அகப்பட்டால் தண்டனையை ஏற்றால் போதும், அவன் பாவம் செய்தவன் ஆகான் என்பது அக்கொள்கை. அதற்கு அந்நூல்கள் தந்த எடுத்துக்காட்டுகளில் சுங்கவரியும் உண்டு, காட்டில் விறகு பொறுக்குவதும் வேட்டையாடுவதும் உண்டு. பிரபுக்கள் தம் பொழுதுபோக்குக்காகக் காடுகளை வேலியிட்டிருந்த ஐரோப்பாவில், பசித்த குடியானவன் ஒரு முயலைப் பிடித்ததைச் சாவான பாவம் என்று சொல்ல மனமில்லாத குருக்கள் கண்ட வழி அது. அவர்களுடைய இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஊர்ப் பெரியவர்கள் பேசியதும், பெயர் தெரியாமலே, இதே கொள்கைதான்: பிடிபட்டால் தண்டம் கட்டலாம், காட்டிக்கொடுத்தவன்தான் பாவி.

ஆனால் எங்கள் கடல் ஒரு பிரபுவின் வேட்டைக்காடு அன்று. கடல் அட்டை தீர்ந்துபோனால் இழப்பு அரசனுக்கு இல்லை. இன்னும் பிறவாத எங்கள் பேரப்பிள்ளைகளுக்குத்தான். இறந்தோரும் இருப்போரும் வரவிருப்போரும் சேர்ந்ததே திருச்சபை என்று கற்பிக்கும் நாம், வரவிருப்போரின் உடைமையை எடுப்பது வெறும் தண்டனைக்குரியது, குற்றமற்றது என்று எப்படிச் சொல்ல இயலும்? இணைச் சட்ட நூலில் ஒரு சிறு கட்டளை உண்டு. வழியில் ஒரு பறவைக் கூட்டைக் கண்டால் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம், தாயை விட்டுவிட வேண்டும். பசிக்கு இடம் தந்து, மூலத்தை மட்டும் காக்கச் சொல்லும் கட்டளை. அது ஓர் அதிகாரிக்குத் தரப்பட்டதன்று, வழிநடப்பவன் எவனுக்கும் தரப்பட்டது. ஆகவே மாமன் தவறு செய்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதனாலேயே மருமகன் முழுவதும் சரி செய்தான் என்று முடித்துவிடலாமா? இங்கேதான் யோசேப்பின் கதை என்னைத் தடுத்தது. வளம் காத்தவர்களுள் யோசேப்புக்கு நிகரானவர் விவிலியத்தில் இல்லை. ஏழு செழிப்பான ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமித்து எகிப்தைப் பஞ்சத்திலிருந்து மீட்டவர். மறையுரைகளில் நாம் இங்கே நிறுத்திவிடுகிறோம். தொடக்க நூலின் 47-ஆம் அதிகாரத்தையும் வாசிக்க வேண்டும். அந்தச் சேமித்த தானியத்தை வாங்க மக்கள் முதலில் பணத்தைக் கொடுத்தனர். பின்பு கால்நடைகளைக் கொடுத்தனர். பின்பு நிலத்தைக் கொடுத்தனர். இறுதியில் தங்களையே பார்வோனுக்கு அடிமைகளாகக் கொடுத்தனர். தானியம் காக்கப்பட்டது, உயிரும் காக்கப்பட்டது, மக்கள் மட்டும் தங்கள் மண்ணில் தாங்களே அந்நியராயினர். குருக்களின் நிலம் மட்டும் தப்பியது என்று அவ்வதிகாரம் குறிப்பிடுகிறது. இதை வாசிக்கும்போது நான் பங்கு இல்லத்தின் காரைக் கூரையை ஒரு முறை நிமிர்ந்து பார்க்கிறேன்.

நேர்மையான காவல் இவ்வாறும் முடியக்கூடும். யோசேப்பு திருடவில்லை, கையூட்டுப் பெறவில்லை. காக்கப்பட்டது யாருக்காக என்னும் வினாவை மட்டும் பார்வோனிடம் விட்டுவிட்டார்.

எபிரேய மொழியில் தோட்டத்தைக் காக்கும்படி மனிதனுக்குச் சொல்லப்பட்ட இடத்தில் வருவது 'ஷாமர்' என்னும் வினை. இரண்டு அதிகாரங்கள் தள்ளி அதே வினை மீண்டும் ஒரு கேள்வியில் வருகிறது. தம்பி எங்கே என்று இறைவன் கேட்கும்போது, நான் என்ன அவனுக்குக் காவலாளியா என்று காயின் மறுத்துக் கேட்கிறானே, அந்தக் காவலாளி என்னும் சொல் இதே வேரிலிருந்து பிறந்தது. தோட்டத்தைக் காப்பதற்கு ஒரு சொல், தம்பியைக் காப்பதற்கு வேறொரு சொல் என்று விவிலியம் பிரித்து வைக்கவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில் பூமியின் துயரையும் ஏழையின் துயரையும் ஒருசேரக் கேட்க வேண்டும் என்று வலியுறுத்தியதன் வேரும் இதுவே எனலாம். கேட்பதற்கு இனிய கருத்து. ஆனால் விடியற்காலை இருட்டில், ஒரு படகில் தோட்டமும் மறு படகில் மாமனும் நிற்கும்போது, ஒரு காவலன் இரண்டையும் எப்படி ஒருசேரக் காப்பது?

அந்தப் பொழுதில் முடியாது என்றே நினைக்கிறேன். அதற்கு முந்திய நாள்களிலும் பிந்திய நாள்களிலும்தான் முடியும். முந்திய நாள்களில் நான் என்ன செய்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். சட்டம் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், எங்கள் ஆலயத்தில் கடல் அட்டையைப் பற்றி ஒரு மறையுரையும் கேட்கப்பட்டதில்லை. சாக்கு யாருக்குப் போகிறது, எந்த வணிகர் முன்பணம் தருகிறார் என்பது ஊருக்குத் தெரியும். எனக்கும் ஓரளவு தெரியும். அவ்வணிகரிடம் திருவிழாச் செலவுக்கு நன்கொடை பெற்றதும் உண்டு. கடலில் இறங்கியவர் சிறைக்குப் போனார். கரையில் நின்று விலை பேசியவரை எந்தப் படகும் நிறுத்தவில்லை. காவலன் கையெழுத்திட்ட பிறகுதான் அந்தக் குற்றம் எங்கள் கண்ணில் பட்டது, அதுவும் அவனுடைய குற்றமாக.

முடியும் என்பதற்குச் சான்றுகளும் உண்டு. பாம்பன் பகுதிப் பாசிப் பெண்கள் தங்களுக்குள் கூடி, மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவிகளை விட்டுவிட்டுக் கையால் பறிப்பது என்று முடிவு செய்தனர். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்னும் பாசி எடுக்கும் பெண்ணுக்கு 2015-இல் சீக்காலஜி என்னும் பன்னாட்டு விருது கிடைத்தது இப்பணிக்காகவே. அவர் எந்தக் கல்லூரியிலும் இத்துறையைப் படித்தவர் அல்லர். அகத்தியமலையில் 1987-இல் காணி மக்கள் ஆய்வாளர்களுக்கு ஆரோக்கியப்பச்சை என்னும் செடியைக் காட்டினர். அதிலிருந்து செய்த மருந்தின் வருவாயில் பாதியை அம்மக்களுக்கே தருவதென்று கேரளத்து ஆராய்ச்சி நிறுவனம் தானாக முன்வந்தது. அப்போது அப்படித் தரும்படி எந்தச் சட்டமும் இல்லை. குறையில்லாமல் நடந்ததன்று அது. காணி மக்களுக்குள்ளேயே எல்லாரும் உடன்படவுமில்லை. ஆயினும் காக்கிறவன் தம்பியை மறக்கவில்லை.

அன்று இரவு அவனுக்கு நான் சொன்னதை இங்கே எழுதுகிறேன். வாசகருள் அறநெறி கற்றவர்கள் இருந்தால் திருத்தலாம். "தம்பி, நீ கையெழுத்திட்டது பாவமன்று. இறங்கிக்கொண்டிருந்தால், மாமனை வேறொருவர் கையில் விட்டுவிட்டு உன் கையைக் கழுவியிருப்பாய். நற்செய்தியில் வரும் கூலிக்காரன் கூலி வாங்கியதற்காகக் குறை சொல்லப்படவில்லை, ஓநாயைக் கண்டு ஓடியதற்காகவே குறை சொல்லப்பட்டான். அறிக்கையில் உண்மையை மட்டும் எழுதியிருக்கிறாயா?" என்று கேட்டேன். வலையில் ஒரு பகுதி வந்ததாக மாமன் சொன்னதையும், அவர் எதிர்க்காமல் நின்றதையும் எழுதியிருப்பதாகச் சொன்னான். சட்டம் பொதுவாகப் பேசும், நிகழ்ச்சிகள் தனித்தனியாக நிகழும், ஆதலால் தீர்ப்பிடுகிறவன் சட்டத்தின் உட்கருத்தை நோக்க வேண்டும் என்பார் புனித தாமஸ் அக்குவினாஸ். அந்த உரிமை காவலனுக்கு இல்லை, நடுவருக்கு உண்டு. நடுவர் அதைப் பயன்படுத்த வேண்டுமானால் அவர் முன் முழு உண்மை இருக்க வேண்டும். அந்த அளவில் அவன் மாமனுக்கும் காவலாக இருந்திருக்கிறான்.

"ஆனா அதோட வேலை முடியல. மாமன் வீட்டுக்குப் போ. வக்கீலுக்கு நாம ஏற்பாடு செய்வோம்" என்றேன்.

"போனேன் சாமி. மாமா கதவைத் திறக்கல" என்றான்.

நான் வேறென்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். நீ ஏன் இந்த வேலைக்குப் போனாய் என்று அவன் என்னைக் கேட்டிருக்கலாம்; அனுப்பியவனே நான்தான். அவன் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு மறையுரையில் நான் மாமனைப் பற்றியும் பேசவில்லை, மருமகனைப் பற்றியும் பேசவில்லை. முன்பணம் தரும் வணிகத்தைப் பற்றியும், அதிலிருந்து வந்த நன்கொடையை ஆலயம் பெற்றதைப் பற்றியும் பேசினேன். சிலர் பாதியில் எழுந்து போயினர். அவ்வாண்டுத் திருவிழா முந்திய ஆண்டைவிடச் சிறியதாக நடந்தது. வக்கீலுக்கான செலவில் பங்கு ஒரு பகுதியை ஏற்றது. மாமன் பிணையில் வெளிவந்தார். வழக்கு முடியுமுன் எனக்கு இடமாற்றம் வந்துவிட்டது.

சென்ற ஆண்டு அந்தத் தாய் என்னைத் தேடி, இரண்டு பேருந்து மாறி, இப்போதைய பங்குக்கு வந்திருந்தார். முடி முற்றிலும் நரைத்திருந்தது. மாமனும் மருமகனும் இப்போது பேசிக்கொள்கிறார்களா என்று கேட்டேன். "கோயில்ல ஒரே வரிசையில உக்காருவாங்க சாமி. பேச்சு இன்னும் இல்ல" என்றார். பிறகு மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். இளைய மகள் தாவரவியல் முடித்திருக்கிறாள். கடற்புல்லைப் பற்றி மேற்படிப்புப் படிக்க விரும்புகிறாள். விண்ணப்பத்தோடு ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும்.

"இவளும் போகலாமா சாமி?" என்று கேட்டார். இம்முறை நான் மறைநூலை எடுக்கவில்லை. அவள் என்ன சொல்கிறாள், அண்ணன் என்ன சொல்கிறான், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பேசி முடிக்க மாலையாகிவிட்டது. கடைசிப் பேருந்துக்கு முன் கடிதத்தை எழுதிக் கொடுத்தேன்.